போனில் ‘ஆஃப்’ என்றால் மோட்டாரில் ‘ஆஃப்’ ஆகுமா?

(வட்டாரக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்த மேடையில் நாங்கள் சேமிப்பு, உள்கடன், திருப்பம் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு ஒரு சின்ன டப்பாவைப் பற்றிப் பேசப் போகிறோம். முன் வரிசையில் இருக்கிற அக்காவிடம் ஒன்று கொடுத்திருக்கிறோம். கைமாற்றிப் பாருங்கள். கட்டைவிரல் நுனி அளவு, நீல நிறம். மேல்மூடியை நாங்களே அறுத்துத் திறந்து வைத்திருக்கிறோம். உள்ளே செம்புத் தகடு ஒன்று கருகிப் போயிருப்பது தெரிகிறதா? இதற்குப் பெயர் ரிலே. நம் உறுப்பினர் ஒருவரின் உயிர் இந்தச் சின்ன டப்பாவில்தான் ஊசலாடியது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த அக்காவின் பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டோம். அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.

அவர்கள் குழு மசாலாப் பொடி அரைத்து விற்கிறது. கூடத்துக்குத் தண்ணீர் பின்னால் இருக்கிற கிணற்றிலிருந்து வரும். கிணற்றடியில் 1 எச்.பி. மோட்டார். சுவிட்ச் போட ராத்திரியும் விடியக்காலையும் வரப்பு வழியே நடக்க வேண்டும். விளக்கு கிடையாது, பாம்பு உண்டு. இதைப் பார்த்துவிட்டு, பாலிடெக்னிக் படிக்கிற அவர் அண்ணன் மகன் 300 ரூபாய்க்கு ஒரு ரிலே பலகை வாங்கி வந்து, கைபேசியில் தொட்டால் மோட்டார் ஓடுகிற மாதிரி செய்து கொடுத்தான். போன மாதத்துக்கு முந்தின மாதம் இதே மேடைக்கு அந்தத் தம்பியை வரச்சொல்லி, துண்டு போர்த்தி, கைதட்டினோம். கைதட்டச் சொன்னது நாங்கள்தான். அதைப் பார்த்து இன்னும் ஆறு குழுக்கள் இதே ஏற்பாட்டுக்கு உள்கடன் கேட்டுத் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் போனில் ஆஃப் கொடுத்தும் மோட்டார் நிற்கவில்லை. தம்பி வந்து டப்பாவைத் தட்டினான், நின்றது. ‘சரியாப் போச்சு’ என்று விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு நாள் தண்ணீர் ஏறவில்லை. அக்கா போனில் ஆஃப் கொடுத்தார். ஆஃப் என்று காட்டியது. மோட்டாரும் நின்றது. பிரைமிங் தண்ணீர் ஊற்றலாம் என்று குடத்தோடு போய் மோட்டார் மேல் கை வைத்தார். தூக்கி எறிந்துவிட்டது. பின்பக்கமாக விழுந்ததால் கை விடுபட்டது. உள்ளங்கை வெந்துபோனது, உயிர் தப்பியது. ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்க்கப் போனபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “போன்ல ஆஃப்னுதானே காட்டுச்சு? நின்ன மோட்டார்ல எப்படிங்க கரண்ட் இருக்கும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் எங்களுக்குத் தெரியவில்லை. சமூகப் பணி படித்தோம், மின்சாரம் படிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டது அந்தத் தம்பி மட்டும் அல்ல, கைதட்டிய நாங்களும்தான். அதனால் உரிமம் உள்ள மின் கம்பியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் கூடவே இருந்து கேட்டுக் கற்றுக்கொண்டோம். அதைத்தான் இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ரிலே என்ன செய்கிறது?

நம் குழுவில் இரண்டு பேர் காசோலையில் கையெழுத்துப் போடுகிறார்கள். பேனாவைப் பிடிக்க என்ன பலம் வேண்டும்? ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து ஒரு லட்ச ரூபாயை நகர்த்துகிறது. ரிலேவும் அப்படித்தான். ஒரு பக்கம் சின்னக் கம்பிச் சுருள். அதற்கு 5 வோல்ட் கொடுத்தால் போதும், காந்தமாகிவிடும். ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் கூட அதற்கு வேண்டாம். அந்தக் காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். இழுத்தால் மறுபக்கத்தில் 230 வோல்ட் பாதை இணையும். விட்டால் பிரியும். சின்ன மின்சாரம் பெரிய மின்சாரத்தைத் தொடாமலே அதற்கு உத்தரவு போடுகிறது.

இது புதுசு அல்ல. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835 வாக்கிலேயே இதைச் செய்து காட்டினார். தந்தி போகிற வழியில் மின்சாரம் தளர்ந்துவிடும். தளர்ந்த மின்சாரம் ரிலேவை இழுக்க, அடுத்த பேட்டரி புதுப் பலத்தோடு செய்தியைக் கொண்டுபோகும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஓடுகிற ரிலே ஓட்டத்தில் கோலை அடுத்தவர் கையில் கொடுப்பது மாதிரிதான். நம் நாட்டில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ரிலே நிற்கவில்லை. இன்வெர்ட்டரில், ஸ்டெபிலைசரில், பிரிட்ஜில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கிறதே, அது ரிலேதான்.

ஆக ரிலே கெட்ட சாமான் அல்ல. தகுதிக்கு மீறிய சுமையை அதன் தலையில் ஏற்றியதுதான் தப்பு.

முதல் தப்பு: சுமை

டப்பா மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிள்ளைகள் பாருங்கள். ‘10 ஆம்பியர், 250 வோல்ட்’. மோட்டாரின் தகட்டில் 7 ஆம்பியர் என்று இருந்தது. பத்துக்கு ஏழு சின்னதுதானே என்று தம்பி நினைத்தான். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

ஆட்டுக்கல்லில் அரிசியைப் போட்டு முதல் சுற்றுச் சுற்றும்போது எவ்வளவு பலம் வேண்டும்? சுற்ற ஆரம்பித்தபின் எவ்வளவு போதும்? மோட்டாரும் அதேதான். கிளம்புகிற கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். 7 ஆம்பியர் மோட்டார் கிளம்பும்போது 35, 40 ஆம்பியர். அந்தக் கணத்தில்தான் ரிலேவின் தகடுகள் ஒன்றையொன்று தொட்டுத் துள்ளுகின்றன. துள்ளலில் பொறி பறக்கும். பொறியின் சூட்டில் உலோகம் உருகி, இரண்டு தகடும் வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் போனில் எத்தனை முறை ஆஃப் கொடுத்தாலும் பிரியாது. ஆனால் போன், தான் உத்தரவு போட்டதை மட்டும்தான் காட்டும். தகடு பிரிந்ததா என்று அதற்குத் தெரியாது.

டப்பாவில் எழுதியிருக்கிற 10 ஆம்பியர் என்பது இஸ்திரிப் பெட்டி மாதிரி வெறுமனே சூடாகிற சாமானுக்கான கணக்கு. மோட்டாருக்கு அல்ல. சூடாகிற சாமானுக்கே எழுதியதில் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது கம்பியாளர் அண்ணனின் கணக்கு.

அன்றைக்குத் தட்டினதும் நின்றதே, அதுதான் எச்சரிக்கை மணி. ஒருமுறை ஒட்டிய ரிலே மறுபடி ஒட்டும். தட்டிச் சரிசெய்யக் கூடாது, தூக்கிப் போட வேண்டும்.

இரண்டாவது தப்பு: எந்தக் கம்பியை வெட்டினோம்?

அக்காவைத் தூக்கி எறிந்தது இதுதான். மோட்டாருக்கு இரண்டு கம்பி போகிறது. ஒன்று பேஸ், இன்னொன்று நியூட்ரல். பேஸ் என்பது தண்ணீர் வருகிற குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் திரும்பிப் போகிற வழி. திரும்புகிற வழியை அடைத்தாலும் ஓட்டம் நிற்கும். ஆனால் குழாய்க்குள் தண்ணீர் அழுத்தத்தோடு நின்றுகொண்டிருக்கும். எங்கே ஒரு ஓட்டை கிடைத்தாலும் பீய்ச்சி அடிக்கும்.

அந்த ரிலே நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருந்தது. போனில் ஆஃப் கொடுத்தபின் கம்பியாளர் டெஸ்டரை மோட்டாரின் முனையில் வைத்தார். விளக்கு எரிந்தது! மோட்டார் நின்றிருந்தது, மின்சாரம் நிற்கவில்லை. கிணற்றடி ஈரத்தில் மோட்டாரின் உள்சுற்றில் கசிவு இருந்தது, அது இரும்பு உடம்புக்கு வந்திருந்தது. அக்காவின் கை அதற்கு வழியாகிவிட்டது.

மூன்றாவது தப்பு: காப்பாற்ற ஒன்றுமே இல்லை

மோட்டாருக்கு எர்த் கம்பி கொடுக்கவில்லை. எர்த் சரியாக இருந்திருந்தால் கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போயிருக்கும். ‘எம்.சி.பி. இருந்துச்சே, ஏன் விழல?’ என்று குழுவினர் கேட்டார்கள். எம்.சி.பி. கம்பியைக் காப்பாற்றுகிறது, நம்மை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மனிதரைக் கொல்ல ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கூடப் போதும்.

நம்மைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. கடையில் சிலர் இ.எல்.சி.பி. என்பார்கள். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று இது ஓயாமல் கணக்குப் பார்க்கும். நம் குழுவின் வரவு செலவு ஏடு மாதிரி. எங்கோ ஓர் ஆள் வழியாகக் கசிந்தால் கணக்கு இடிக்கும், உடனே வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

சரியான ஏற்பாடு எப்படி இருக்கும்?

ரிலே மோட்டாரை நேரடியாகத் தொடக் கூடாது. நடுவில் கான்டாக்டர் வேண்டும். கான்டாக்டரும் ரிலேவின் அண்ணன்தான். உள்ளங்கை அளவு, கனமான தகடு, வலுவான வில், பொறியை அணைக்க உள்ளே இடம். மோட்டார் கிளம்பும் வேகத்தைத் தாங்குவதற்கென்றே செய்தது. கடையில் கேட்கும்போது ‘மோட்டாருக்கான, ஏ.சி.3 தரம் போட்டது’ என்று கேளுங்கள். இப்போது சின்ன ரிலே கான்டாக்டரின் சுருளுக்கு மட்டும் உத்தரவு கொடுக்கும். அந்தச் சுருளுக்கு வேண்டிய மின்சாரம் மிகக் கொஞ்சம். கையெழுத்துப் போடுகிறவர் கையெழுத்து மட்டும் போடட்டும், மூட்டை தூக்குகிறவர் மூட்டை தூக்கட்டும்!

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குள் பச்சை, சிவப்பு பொத்தானுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கான்டாக்டர்தான். அதோடு, மோட்டார் சிக்கிக்கொண்டு அதிக மின்சாரம் இழுத்தால் வெட்டிவிடும் ஓவர்லோடு ரிலேவும் இருக்கும். ஆகவே நல்ல ஸ்டார்ட்டர் இருக்கும் இடத்தில் அதைக் கழற்றிவிட்டுப் பலகையை மாட்டக் கூடாது. ஸ்டார்ட்டர் வழியாகத்தான் போன் பேச வேண்டும். த்ரீ பேஸ் மோட்டார் என்றால் ஒரு பேஸ் போனால் நிறுத்திவிடும் பாதுகாப்பும் சேர வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் கருகிவிடும். போனில் இயங்கும் பம்ப்செட் ஸ்டார்ட்டர்கள் முழுப் பெட்டியாகவே கடையில் கிடைக்கின்றன. வாங்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் மானியம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சோலார் வைத்திருக்கிற குழுக்கள் இன்னும் கவனமாக இருங்கள். லைன் மின்சாரம் ஒரு நொடியில் 100 முறை பூஜ்யத்துக்கு வந்து போகிறது. அதனால் பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. சோலார் தகட்டிலிருந்து வருவது நேர் மின்சாரம். அது பூஜ்யத்துக்கு வராது, பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். இந்த நீல டப்பாவிலேயே பாருங்கள், ‘250 வோல்ட் ஏ.சி.’ என்று எழுதிய பக்கத்திலேயே ‘30 வோல்ட் டி.சி.’ என்றும் இருக்கும். சோலார் பம்ப்பின் தகட்டு வரிசையில் சில நூறு வோல்ட் இருக்கும். அங்கே ஏ.சி. சுவிட்சையோ இந்த ரிலேவையோ வைத்தால் தீப்பிடிக்கும். அதற்கென்று செய்த டி.சி. சுவிட்ச்தான் வேண்டும்.

பொடி மெஷினில் இது வேண்டவே வேண்டாம்

போனில் இயக்கலாமா என்று கேட்டு வந்த ஆறு தீர்மானங்களில் இரண்டு, மாவு மெஷினுக்கும் பொடி மெஷினுக்கும். இதற்கு எங்கள் பதில், கூடாது. கை போகிற எந்த மெஷினும் வேறோர் இடத்திலிருந்து கிளம்பக் கூடாது. நீங்கள் சல்லடையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் குழந்தை போனைத் தொட்டால் என்ன ஆகும்? சாதாரண ஸ்டார்ட்டரில் ஒரு நன்மை உண்டு. கரண்டு போனால் அது விழுந்துவிடும், திரும்பி வந்தாலும் நாம் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். ‘ஆட்டோ’ போட்டால் கரண்டு வந்ததும் தானே ஓடும். தோட்டத்துப் பம்புக்கு அது வசதி. மெஷினுக்கு அது விரலுக்கு வந்த வினை.

ஆறு தீர்மானங்களையும் திருத்தி எழுத, நாங்கள் முன்வைப்பது இவை:

1. மோட்டாரை ரிலே நேரடியாக இயக்கக் கூடாது. ஸ்டார்ட்டர் அல்லது கான்டாக்டர் கட்டாயம்.

2. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டுகிற அமைப்பு வேண்டும். நியூட்ரலை மட்டும் வெட்டுவது கூடவே கூடாது.

3. எர்த், சரியான எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் இல்லாமல் உள்கடன் கிடையாது.

4. மோட்டார் பக்கத்திலேயே, கைக்கு எட்டுகிற உயரத்தில் மெயின் சுவிட்ச். மோட்டாரைத் தொடுமுன் அதை இறக்க வேண்டும். போனில் ஆஃப் கொடுப்பது வேலையை நிறுத்த மட்டும்தான், தொடுவதற்கான அனுமதி அல்ல.

5. பலகையை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். சின்ன மின்சாரமும் பெரிய மின்சாரமும் ஒரே பலகையில் விரல்கடை தூரத்தில் இருக்கின்றன. மிளகாய்த் தூசி, எறும்பு, பல்லி, ஈரம் எது நுழைந்தாலும் ஆபத்து. பிஸ்கட் டப்பாவில் வைக்கிற வேலை வேண்டாம்.

6. வேலையைச் செய்வது சான்று பெற்ற கம்பியாளர். அவர் பெயரும் தேதியும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

7. ஒவ்வொரு மாதக் கூட்டத்தன்றும், கூட்டம் தொடங்குமுன் ஒரு உறுப்பினர் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

ஒருவருக்கு ஷாக் அடித்தால் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இல்லையென்றால், அவர்கள் போனில் சொல்லச் சொல்ல நெஞ்சின் நடுவில் அழுத்திக் கொடுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த விபத்துக்கு அப்புறம் எங்கள் அலுவலகத்தில், ‘இந்தப் போன் வேலையே வேண்டாம், ஆறு தீர்மானத்தையும் தள்ளுபடி செய்துவிடலாம்’ என்றுதான் பேசிக்கொண்டோம். எங்களுக்கு அது சுலபமான வழி. அந்த அக்காவிடம் சொன்னபோது அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “சரியாச் செஞ்சு குடுங்க. மறுபடியும் ராத்திரியில கிணத்துக்கு நடக்கச் சொல்லாதீங்க. அந்தப் பயலையும் யாரும் திட்டாதீங்க.”

தம்பி இரண்டு வாரம் அத்தை வீட்டுப் பக்கமே போகவில்லை. நாங்கள் போய்ப் பார்த்து, தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னோம். போன ஞாயிற்றுக்கிழமை கம்பியாளர் அண்ணன் அந்தக் கிணற்றடியில் புதுசாக எல்லாம் மாட்டினார். பக்கத்தில் டெஸ்டரோடு நின்று ஒவ்வொரு முனையையும் சரிபார்த்தது அந்தத் தம்பிதான். மொத்தச் செலவு முதல் பலகையைப்போல் பல மடங்கு ஆனது. குழு அதை மூன்று தவணையில் கட்டுகிறது. அந்தக் கூடுதல் பணம் செலவு அல்ல என்பதை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

அக்கா இன்றைக்கு நம் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார். கைமாறி வந்த அந்த நீல டப்பா இப்போது அவர் வரிசைக்குப் போயிருக்கும். அதைப் பார்த்துவிட்டு மேசைக்குத் திருப்பி அனுப்புங்கள். பத்திரமாக வைத்திருந்து அடுத்த கூட்டமைப்பிலும் காட்ட வேண்டும்.

இனித் தீர்மானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.